இறுகிய மரையாணிகளை அகற்றுதல்

இறுகிய மரையாணிகளை அகற்றுதல் என்பது, பழைய தானுந்துகளைப் பழுதுபார்க்கும்போது துருவினாலும் வெப்பத்தினாலும் இறுகிப்போன போல்ட், நட்டு, ஸ்டட் ஆகியவற்றை முறிக்காமலும், அவை பொருந்தியுள்ள வார்ப்பைச் சிதைக்காமலும் கழற்றி எடுக்கும் பட்டறை வேலை ஆகும். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய கேஸ்கட் மாற்றம், ஒரே ஒரு ஸ்டட் முறிந்துவிட்டால், சிலிண்டர் ஹெட்டையே இறக்கி லேத் பட்டறைக்குக் கொண்டு செல்லும் பல நாள் வேலையாக மாறிவிடக்கூடும். உதிரிபாகம் எளிதில் கிடைக்காத பழைய வண்டியில் வார்ப்பு சேதமடைந்தால் இழப்பு இன்னும் பெரிது.

சொற்கள்

ஆணியின் மீது சுருளாக ஓடும் புரி, பட்டறை வழக்கில் மரை எனப்படுகிறது. போல்ட்டுக்கு ஒரு முனையில் தலை உண்டு. ஸ்டட்டுக்குத் தலை இல்லை. அதன் இரு முனைகளிலும் மரை வெட்டப்பட்டிருக்கும். ஒரு முனை வார்ப்பினுள் நிலையாகப் பதிந்திருக்க, மறுமுனையில் நட்டு ஏறும். வார்ப்பிரும்பும் அலுமினியமும் எஃகைவிட வலிமை குறைந்தவை என்பதால், வார்ப்பினுள் செல்லும் முனையில் பெரும்பாலும் பருமரையும், நட்டு ஏறும் முனையில் நுண்மரையும் இருக்கும்.

இறுகுவதற்கான காரணங்கள்

ஒரு போல்ட்டை முடுக்கும்போது நாம் செலுத்தும் திருப்புவிசையில் ஏறத்தாழ பாதி தலையின் அடிப்பரப்பு உராய்விலும், ஏறத்தாழ 40 விழுக்காடு மரையின் உராய்விலும் செலவாகிறது. எஞ்சிய ஏறத்தாழ 10 விழுக்காடே பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் இழுவிசையாகிறது. ஆகவே புதிய போல்ட்டைக்கூட உராய்வே பிடித்து வைத்திருக்கிறது எனலாம். ஆண்டுகள் செல்லச்செல்ல இந்த உராய்வுடன் வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன.

முதலாவது துரு. துருவானது, அது உருவாகக் காரணமான இரும்பைவிடப் பல மடங்கு கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு இடையேயுள்ள மெல்லிய இடைவெளியில் துரு உண்டாகும்போது அது ஆப்பு அடித்தது போல இரு பக்கங்களையும் நெருக்குகிறது. இரண்டாவது மின்வேதி அரிப்பு. அலுமினிய வார்ப்பில் எஃகு ஸ்டட் பதிந்து, இடையில் ஈரமும் உப்பும் சேர்ந்தால், அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகப் படியும். இது இரும்புத் துருவைவிடப் பிடிவாதமானது. மூன்றாவது வெப்பம். புகைபோக்கிக் குழாய் இணையும் மேனிபோல்டில் உள்ள ஸ்டட்டுகள் ஒவ்வொரு பயணத்திலும் சூடாகிக் குளிர்கின்றன. அவற்றின் மேற்பரப்பு செதிலாகி, உலோகமும் மெலிந்துபோகிறது. பழைய வண்டிகளில் அதிகம் முறிபவற்றுள் இவையும் அடங்கும். பிரேக்கில் காற்று வெளியேற்றும் நிப்பிள் இன்னொன்று. அது உள்ளே துளையுடையது என்பதால் சிறு முறுக்கலிலேயே ஒடிந்துவிடும்.

அளவு அறிதல்

தலை மழுங்குவதற்குப் பொதுவான காரணம் துரு அன்று, தவறான ஸ்பேனரே ஆகும். 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்ட அம்பாசடர் தானுந்து, பிரித்தானிய மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டது. அதன் பழைய 1489 கன செண்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் இருப்பவை அங்குல அளவு மரைகள். 1990களில் வந்த இசுசு எஞ்சினில் இருப்பவையோ மில்லிமீட்டர் அளவுகள். ஆகவே பழைய அம்பாசடரைப் பிரிக்க முனைபவர், கையிலுள்ள வண்டியில் எந்த எஞ்சின் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரை அங்குலத் தலை என்பது 12.7 மி.மீ. அதில் 13 எண் ஸ்பேனர் சுலபமாக ஏறிவிடும், ஆனால் 0.3 மி.மீ. தளர்வு இருப்பதால் இறுகிய போல்ட்டில் மூலைகளை மழுக்கிவிடும். மாறாக, முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. என்பதால் 19 எண் ஸ்பேனர் பெரும்பாலும் சரியாகவே அமைகிறது. இந்த ஒற்றுமையை நம்பி மற்ற அளவுகளிலும் அவ்வாறே செய்வது தவறு. 1950களுக்கு முற்பட்ட பிரித்தானிய வண்டிகளில் விட்வொர்த் அளவுகளும் காணப்படும். அவற்றுக்குத் தனி ஸ்பேனர்கள் வேண்டும்.

திறந்த வாய் ஸ்பேனர் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். பன்னிரு முனை வளைய ஸ்பேனர் மூலைகளுக்கு அருகில் அழுத்தும். இறுகிய தலைக்கு அறுமுனைப் பாக்ஸ் ஸ்பேனரே ஏற்றது. அது தலையின் ஆறு பக்கங்களையும் மூலையிலிருந்து சற்று விலகித் தொடுவதால் மழுங்கும் வாய்ப்பு குறைகிறது.

திசையையும் உறுதி செய்ய வேண்டும். பெரும்பாலான மரைகள் தலையைப் பார்த்தவாறு இடஞ்சுழியாகக் கழலும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு தலைகீழாகப் பார்க்கும்போது இது எளிதில் குழம்பிப்போகும். கழற்றுவதாக எண்ணி மேலும் முடுக்கி ஒடித்தவர் பலர். மிதிவண்டியின் இடப்பக்க மிதிகட்டை போல எதிர்மரை உள்ள இடங்களும் உண்டு. 1960களின் கிறைஸ்லர் தானுந்துகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரை கொண்டவை.

விசையின் எல்லை

8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டின் இழுவலிமை 800 மெகாபாஸ்கல். அதன் 80 விழுக்காடான 640 மெகாபாஸ்கலில் அது நிரந்தரமாக நீளத் தொடங்கும். இவ்வகை 8 மி.மீ. போல்ட்டை முடுக்கும் அளவு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர். ஸ்பேனரில் ஒரு மீட்டர் குழாயைச் செருகி 20 கிலோ எடையளவு விசையுடன் இழுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர். அதாவது எட்டு மடங்கு. போல்ட் கழல்வதற்கு முன்பே முறிந்துவிடும். நீண்ட குழாய், சக்கர நட்டு போன்ற பெரிய இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும்.

சிறியவற்றுக்கு அதிர்வே சிறந்தது. தலையின் மீது சுத்தியலால் நேராகச் சில அடிகள் கொடுத்தால் துருப்படலம் விரிசலிடும். பின்னர் சற்று முடுக்கி, சற்றுத் தளர்த்தி, மீண்டும் முடுக்கி முன்னும் பின்னுமாகச் செல்ல வேண்டும். கழலத் தொடங்கிய பின் அவசரப்பட்டு ஒரே மூச்சில் சுழற்றினால், உதிர்ந்த துரு மரையில் சிக்கி மறுபடியும் இறுக்கிவிடும். போல்ட் பஞ்சு போல மெதுவாக இழுபடுவதாகக் கை உணர்ந்தால் அது கழலவில்லை, முறுங்குகிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஊடுருவும் எண்ணெய்

வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு எண்ணெய் இட்டு, ஓர் இரவாவது ஊறவிடுவது வழக்கம். பலரும் பயன்படுத்தும் டபிள்யூடி-40, 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை அகற்றி அரிப்பைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. இறுகிய மரைக்கெனவே ஆக்கப்பட்ட ஊடுருவும் எண்ணெய்கள் தனியே கிடைக்கின்றன. மண்ணெண்ணெயும் டீசலும் நம் பட்டறைகளில் நெடுங்காலமாகப் பயன்படுபவை. அசிட்டோனையும் தானியங்கி கியர் எண்ணெயையும் சம அளவில் கலந்து இடுவோரும் உள்ளனர். இக்கலவை மிக எளிதில் தீப்பற்றும். எந்த எண்ணெயானாலும், அலுமினிய அரிப்புப் பொடி அடைத்துள்ள மரைக்குள் அதிக ஆழம் செல்வதில்லை.

வெப்பமூட்டல்

எண்ணெய்க்கு இணங்காதது பெரும்பாலும் வெப்பத்துக்கு இணங்கும். போல்ட்டை அன்றி, அதைச் சூழ்ந்துள்ள நட்டையே சூடாக்க வேண்டும். 10 மி.மீ. துளையுள்ள எஃகு நட்டு, ஸ்டட்டைவிட 300 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் துளை ஏறத்தாழ 0.036 மி.மீ. விரியும். எண் சிறிதாகத் தோன்றினாலும், துருவின் பிணைப்பு உடைய இது போதுமானது. சூடான மரையில் மெழுகுவர்த்தியைத் தொட்டால், உருகிய மெழுகு நுண்துளைக் கவர்ச்சியால் உள்ளே இழுக்கப்பட்டு வழவழப்புத் தரும்.

அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், அலுமினிய வார்ப்பில் பதிந்த எஃகு ஸ்டட்டுக்கு வெப்பம் மிகவும் உதவும். ஆனால் அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். அதற்கு முன் எஃகைப் போலச் சிவந்து எச்சரிக்கை தராது. எனவே சுவாலையை ஓரிடத்தில் நிறுத்தக்கூடாது.

எரிபொருள் குழாய், பிரேக் குழாய், மின்கலம், ரப்பர் புஷ் ஆகியவற்றின் அருகில் சுவாலை கூடாது. முன்பு இட்ட எண்ணெயைத் துடைத்து உலரவிட வேண்டும். குளோரின் கலந்த பிரேக் துப்புரவுத் திரவம் பட்ட இடத்தைச் சூடாக்கினால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகலாம். இது உயிருக்கே ஆபத்தானது. சூடாக்கிய போல்ட்டின் வலிமை மாறிவிடுவதால், அதை மீண்டும் பயன்படுத்தலாகாது.

ஸ்டட்டைக் கழற்றுதல்

ஸ்டட்டுக்குத் தலை இல்லாததால், அதன் மீது இரண்டு நட்டுகளை ஏற்றி, ஒன்றோடொன்று எதிராக முடுக்கிப் பூட்டிவிட்டு, அடியிலுள்ள நட்டை இடஞ்சுழியாகத் திருப்பினால் ஸ்டட் முழுவதும் சுழன்று வெளிவரும். குறட்டினால் மரையைப் பிடித்துத் திருகுவது மரையைக் கெடுக்கும். ஸ்டட்டைத் தூக்கி எறிவதாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும். நட்டு மட்டும் அசையவில்லை எனில், நட்டின் ஒரு பக்கத்தை அறுத்துப் பிளந்து ஸ்டட்டைக் காப்பாற்றலாம். நட்டு மலிவானது.

முறிந்த பின்

முறிந்த துண்டு சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மீது ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்வது மிகச் சிறந்த வழி. பிடிப்பும் கிடைக்கிறது, வெல்டிங்கின் வெப்பமும் துருவை உடைக்கிறது. இருமுறை முயன்ற பின் மூன்றாவது நட்டில் கழல்வதும் உண்டு.

வார்ப்பின் மட்டத்திற்கு உள்ளே முறிந்திருந்தால் துளையிட வேண்டியிருக்கும். முறிந்த பரப்பைச் சமன் செய்து, நடுவில் பஞ்ச் அடித்து, மிகச் சிறிய துளையிலிருந்து தொடங்க வேண்டும். நடு தவறினால் துளைகருவி கெட்டியான எஃகை விட்டு மென்மையான அலுமினியத்துக்குள் நழுவிவிடும். இடஞ்சுழித் துளைகருவி கிடைத்தால் நன்று. துளையிடும்போதே துண்டு கழன்று வருவதுண்டு. 8 மி.மீ. பருமரைக்கு 6.8 மி.மீ. வரையிலும், 10 மி.மீ. பருமரைக்கு 8.5 மி.மீ. வரையிலும் துளையைப் பெரிதாக்கி, எஞ்சிய சுருளைப் பெயர்த்து எடுக்கலாம்.

கடைகளில் விற்கும் கூம்புவடிவ எதிர்மரைப் பிடுங்கி இங்கு அதிகம் நம்பத்தக்கதன்று. முழு விட்டமும் உள்ள ஸ்டட் எந்த விசையில் முறிந்ததோ, அதே விசையை அதன் துளைக்குள் நுழையும் மெல்லிய கருவி தாங்க வேண்டியிருக்கிறது. அது உள்ளே ஒடிந்தால், கெட்டிப்படுத்தப்பட்ட அந்த எஃகைச் சாதாரணத் துளைகருவி தொடாது. பின்னர் மின்பொறி அரிப்பு எந்திரம் உள்ள பட்டறையை நாட வேண்டும். துருவினால் அன்றி, அளவுக்கு மீறி முடுக்கியதால் முறிந்த போல்ட்டுக்கு இக்கருவி நன்கு உதவும்.

கடிகாரம் பழுதுபார்ப்போர், பித்தளையில் முறிந்த எஃகுத் திருகைச் சூடான படிகாரக் கரைசலில் இட்டுக் கரைத்துவிடுவர். பித்தளை பாதிக்கப்படுவதில்லை. மெதுவான முறை, பாகத்தைத் தனியே கழற்றி, அதிலுள்ள மற்ற எஃகுப் பகுதிகளை அகற்றிய பின்னரே செய்ய இயலும். வார்ப்பிரும்புக்கு இது உதவாது, ஏனெனில் இரும்பும் சேர்ந்தே கரையும்.

மரை கெட்டுவிட்டால், துளையைப் பெரிதாக்கிப் புதுமரை வெட்டி, அதில் கம்பிச்சுருள் மரையைப் பதிக்கலாம். அலுமினியத்தில் இது பழைய மரையைவிட உறுதியாகவே அமையும்.

மீண்டும் பொருத்துதல்

மேனிபோல்டில் பழைய ஸ்டட்டுகளைத் திரும்பப் போடுவதில் பொருளில்லை. புதிய ஸ்டட்டுடன் பித்தளை நட்டு இட்டால், அடுத்த முறை கழற்றுவது எளிது. பித்தளை எஃகுடன் துருப்பிடித்து ஒட்டுவதில்லை. மரையில் செப்பு கலந்த ஒட்டாப் பசையைச் சிறிது தடவுவதும் நல்லது. பசை உராய்வைக் குறைப்பதால், உலர்ந்த மரைக்குக் குறிப்பிடப்பட்ட அதே திருப்புவிசையில் முடுக்கினால் இழுவிசை மிகுந்துவிடும். அளவைக் குறைத்தே முடுக்க வேண்டும். இதே காரணத்தால், தயாரிப்பாளர் குறிப்பிட்டாலன்றிச் சக்கர நட்டுகளில் எண்ணெயோ பசையோ இடுவதில்லை.