காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு: வலிக்கு என்ன வழி?

உங்களுக்குத் தெரியுமா?

● 1918-ல் டோக்கியோவில் கெஞ்சி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை இறந்தவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அதன் வாரிசுதான், சிறு துளை வழியே மூட்டுக்குள் குழாய் விட்டுச் செய்யும் இன்றைய ஆர்த்ராஸ்கோபி. துளை சிறிது என்பதால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வலியும் சிறிதாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை!

● தோள் ஆபரேஷனுக்குக் கழுத்தோரம் மரப்பு ஊசி போட்டால் கை மட்டும் மரக்காது. சிலருக்கு அந்தப் பக்கத்து இமை சரியும், குரல் கம்மும். மருந்தின் வீரியம் குறைந்ததும் சரியாகிவிடும். ஆனால் மூச்சுக்கு உதவும் அந்தப் பக்கத்து உதரவிதானமும் சேர்ந்து அயர்ந்துவிடும் என்பதால், நுரையீரல் நோய் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

● முழங்காலுக்கு, தொடை நடுவில் உள்பக்கமாகப் போடும் மரப்பு ஊசியை இப்போது பலரும் விரும்புகிறார்கள். இடுப்பு மடிப்பில் போட்டால் தொடைத் தசை வலுவிழந்து, பாத்ரூம் போகும்போது கால் மடங்கி விழுகிற ஆபத்து அதிகம்.

● பெரிய வில்லங்கம் நடுராத்திரியில்தான். ஊசியின் மரப்பு பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு மேல் நிற்கும். மாலையில் இட்லி சாப்பிட்டபடி, “வலியே இல்லையே, எதுக்கு மாத்திரை?” என்று ஒதுக்கிவைப்பார்கள். விடிவதற்குள் மரப்பு விலகி, வலி மொத்தமாக வந்து இறங்கும். அதன்பின் மாத்திரை போட்டு அது வேலை செய்வதற்குள் படாதபாடு! மரப்பு விலகுமுன்பே, டாக்டர் சொன்ன நேரத்தில் போட்டுவிடுங்கள். மரத்த கைக்குச் சூடு தெரியாது. காபி டம்ளரை மற்ற கையில் வாங்குங்கள்.

● மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் பல வலி மாத்திரைகளில், அசிக்ளோஃபெனாக்கோடும் டிரமடாலோடும் பாராசிட்டமால் கலந்தே இருக்கும். கூடவே காய்ச்சல் மாத்திரையும் போட்டால் கணக்கு தப்பும். பெரியவர்களுக்குப் பாராசிட்டமாலின் ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம். கல்லீரல் கோளாறு இருந்தால் இன்னும் குறைவு. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் அசிக்ளோஃபெனாக் வகையை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

● மூட்டுக்குள்ளேயே குழாய் வைத்து மரப்பு மருந்தைத் தொடர்ந்து செலுத்தியதில் குருத்தெலும்பே கரைந்த கதையும் உண்டு. 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு எதிராக எச்சரித்தது.

● ஐஸ் ஒத்தடம் துணி சுற்றித்தான். ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் போதும்.

● மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் வெளுத்துக் குளிர்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். ராத்திரியில் கூப்பிட வேண்டிய போன் நம்பரை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.