அடைபட்ட காற்றும் ஆகாயப் பயணமும்

நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்ததும் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, எந்த ஊருக்குக் கொண்டுபோவது என்பதுதான். திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையம் என்றால் சாலை வழியிலேயே போய்விடலாம். 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் என்றால் 600 கிலோமீட்டருக்கு மேல். "ராத்திரி பூரா ரயில்ல அப்பாவால முடியாது, பிளைட்லயே கூட்டிட்டுப் போயிருவோம்" என்று பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள். வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தாயிற்று. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டுவிட்டது.

பிள்ளைகளின் முடிவு பெரும்பாலும் சரிதான். நுரையீரல் புற்றுநோய் இருக்கிறது என்பதாலேயே யாரும் விமானம் ஏறக்கூடாது என்றில்லை. ஆனால் நெஞ்சுக்குள் காற்று எங்காவது அடைபட்டிருக்கிறதா, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்ற இரண்டும் தெரியாமல் ஏறக்கூடாது.

இதில் முதல் ஆபத்தை இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. மன்னார் வளைகுடாவில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துவிட்டாலும் சங்கு குளிப்பு இன்றும் நடக்கிறது. மூச்சை அடக்கி ஐந்தரைப் பாகம், அதாவது பத்து மீட்டர் ஆழம் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகிறது. நெஞ்சில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும். ஆனால் படகிலிருந்து கம்ப்ரசர் குழாய் வழியாக வரும் காற்றை அடியில் சுவாசித்தவர், மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அதே காற்று இரண்டு மடங்காகப் பெருத்து நுரையீரலைக் கிழித்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் காற்றை விட்டுக்கொண்டே ஏறுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும் என்ற இந்த விதியை ராபர்ட் பாயில் 1662இல் எழுதிவைத்தார்.

விமானத்திலும் அதுதான் நடக்கிறது. 35,000 அடியில் பறக்கும்போது உள்ளே காற்றை அழுத்தி வைத்தாலும், தரைமட்ட அழுத்தம் இருப்பதில்லை. அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்கு இணையான அழுத்தம்வரை குறையலாம். ஊட்டியைவிடச் சற்று மேலே, தொட்டபெட்டாவுக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருப்பதற்குச் சமம். தரையில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருந்த அழுத்தம் அங்கே சுமார் 565. உடலுக்குள் வெளியேற வழியில்லாமல் கிடக்கும் காற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும்.

நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்து தங்குவதை நியூமோதோராக்ஸ் என்பார்கள். கட்டியாலும் வரலாம், கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுக்கும் பயாப்சியாலும் வரலாம். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. காலையில் சென்னையில் பயாப்சி, மாலை விமானத்தில் ஊர் திரும்பல் என்று திட்டமிடுகிறவர்கள் உண்டு. ஊசி போன வழியில் கசிந்த சிறிதளவு காற்று தரையில் தொந்தரவு தராமலே இருக்கலாம். மேலே போனதும் அது விரிந்து நுரையீரலை நசுக்கும். நடுவானில் அதை வெளியேற்ற மருத்துவமனை இல்லை. பயாப்சிக்குப் பின் மார்பு எக்ஸ்ரே பார்த்து, எப்போது பறக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். நியூமோதோராக்ஸ் வந்துவிட்டால், அது முழுக்கச் சரியானது எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகும் ஏழு நாள் பொறுக்கச் சொல்கிறது பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். நெஞ்சில் நிறைய நீர் கோத்திருந்தால் முதலில் அதை வடிக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து ஆக்ஸிஜன் குறைவு. முக்குளிப்போரின் நோயையும் பலூனில் பறந்தவர்களின் மயக்கத்தையும் சேர்த்தே ஆராய்ந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட். 1875 ஏப்ரலில் ஜெனித் என்ற பலூனில் 8,000 மீட்டருக்கு மேல் போன மூவரில் இருவர் இறந்தார்கள். ஆக்ஸிஜன் பை அருகிலேயே இருந்தும் அதை எடுக்கக் கை எழவில்லை. உயரத்திலும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். அதை ரத்தத்துக்குள் தள்ளும் அழுத்தம்தான் போதாது என்று பெர்ட் 1878இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

விமானத்தில் 8,000 அடி நிலையில் மூச்சிழுப்பது, தரையில் 15 சதவீத ஆக்ஸிஜன் உள்ள காற்றை இழுப்பதற்கு ஒப்பாகும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கே விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதத்தை ஒட்டி இறங்கக்கூடும். தரையிலேயே 92 காட்டுபவருக்கு அங்கிருந்து சரிவு வேகமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் மருத்துவமனையிலேயே 15 சதவீத ஆக்ஸிஜன் காற்றை 20 நிமிடம் சுவாசிக்கச் செய்து பார்ப்பார்கள். அளவு 85க்குக் கீழே போனால் பயணத்தில் கூடுதல் ஆக்ஸிஜன் தேவை.

வீட்டில் இருக்கும் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பேட்டரியில் இயங்கும் சிறிய ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரை, மருத்துவர் சான்றோடு முன்கூட்டியே அனுமதி வாங்கிக் கொண்டுபோகலாம். தாமதத்தையும் கணக்கில் வைத்து மாற்று பேட்டரி எடுத்துக்கொள்வது அவசியம்.

இங்கேதான் நம் வீடுகளின் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. நோயாளியிடம் "நெஞ்சுச் சளி" என்று மட்டும் சொல்லிவைத்திருப்பார்கள். விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தில் நோயின் பெயரை எழுத வேண்டும் என்பதாலேயே படிவத்தைத் தவிர்த்துவிடுவார்கள். பாசத்தால் செய்வதுதான், ஆனாலும் ஆபத்தானது. நடுவானில் மூச்சு முட்டும்போது பணிப்பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது நோயாளிக்கே தெரியாது.

வளைகுடா நாடுகளிலிருந்து நோயோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புற்றுநோய் ரத்தத்தை எளிதில் உறையச் செய்யும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உண்டாகி நுரையீரலுக்குப் போகலாம். தடுப்பு மருந்து தேவையா என்று புறப்படும் முன்பே கேட்க வேண்டும்.

பறக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து சென்னைவரை நெஞ்சுக்குள் இருக்கும் காற்றைப் பெருக்கும் அளவு உயரம் எங்கும் குறுக்கிடாது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு, மருத்துவமனைச் சான்று இருந்தால், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ரயில்வே கட்டணம் வாங்குவதில்லை.