பளு தூக்கும்போது வரும் வயிற்று வலி

பளு தூக்கும்போது வரும் வயிற்று வலி என்பது கனமான எடையைத் தரையிலிருந்து எடுக்கும்போதோ தோளில் ஏற்றி எழும்போதோ தோன்றி, எடையை இறக்கியதும் பெரும்பாலும் தணிந்துவிடும் வலியாகும். உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்வோரிடமும் மூட்டை சுமக்கும் தொழிலாளரிடமும் இது காணப்படுகிறது. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இயல்பாக இருந்தால், காரணம் தெரியாத வலி என்று விடப்படுவதும் உண்டு. ஸ்கேன் வழக்கமாக எடுக்கப்படுவது படுத்த நிலையில், ஓய்வாக இருக்கும்போது. வலியோ நின்று முக்கும்போது மட்டும் வருவது.

அழுத்தம்

கனமான எடையைத் தூக்குபவர் தம்மை அறியாமலே மூச்சை அடக்கி முக்குகிறார். 1666 முதல் 1723 வரை வாழ்ந்த இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ மரியா வால்சால்வாவின் பெயரால் இது வால்சால்வா உத்தி எனப்படுகிறது. அப்போது வயிற்றறை, மேலே உதரவிதானமும் கீழே இடுப்புத் தளத் தசைகளும் சுற்றிலும் வயிற்றுத் தசைகளும் இறுகிய ஒரு மூடிய பெட்டிபோல் ஆகிறது. உள்ளே உயரும் அழுத்தம் முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கிறது; அதே அழுத்தம் வயிற்றுச் சுவரின் நலிந்த இடங்களையும் வெளியே தள்ளுகிறது. பளு தூக்குவோர் அணியும் அகலமான பெல்ட் இந்த அழுத்தத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. வயிறு வலிக்கிறதென்று பெல்ட்டை மேலும் இறுக்குவோர் இதை அறிவதில்லை.

குடலிறக்கம்

ஆண்களில் தொடை இடுக்குப் பகுதி பிறவியிலேயே நலிந்தது. கருவில் விரை வயிற்றிலிருந்து கீழிறங்கிய வழி அது. முக்கும்போது குடலோ கொழுப்போ அவ்வழியே பிதுங்கலாம். எடை தூக்கியதால்தான் வந்தது என்று பலர் கருதினாலும், பெரும்பாலும் முன்பே இருந்த நலிவை அது வெளிக்காட்டுகிறது. தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் சிறு கொழுப்புத் துணுக்கு மட்டும் பிதுங்கும் வகையும் உண்டு. அளவில் பட்டாணி போன்றது, வலியோ அதிகம். இவற்றைக் கண்டறிய நோயாளியை நிற்கவைத்து, இருமவோ முக்கவோ சொல்லிச் சோதிக்க வேண்டும். அல்ட்ராசவுண்டையும் முக்கும்போது எடுப்பது பயன் தரும்.

சுவரா, உள்ளுறுப்பா

1926-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கார்னெட் விவரித்த எளிய சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. நோயாளி மல்லாந்து படுக்க, வலிக்கும் இடத்தை மருத்துவர் விரலால் அழுத்துகிறார். பின் நோயாளி தலையையும் தோளையும் சற்றே தூக்குகிறார். தசை இறுகியதும் வலி குறைந்தால் மூலம் பெரும்பாலும் உள்ளுறுப்பில் இருக்கும். கூடினாலோ மாறாமல் இருந்தாலோ வயிற்றுச் சுவரில் இருக்கும்.

சுவர் வலிக்குத் தசைநார்க் கிழிவு பொதுவான காரணம். சில வார ஓய்வில் ஆறிவிடும். எளிதில் தவறவிடப்படுவது நரம்புச் சிக்கல். விலாப்பகுதியிலிருந்து வரும் தோல் நரம்புகள் வயிற்றின் முன்தசையைத் துளைத்து, ஏறத்தாழ செங்குத்தாகத் திரும்பி வெளிவருகின்றன. அங்கே நசுங்கினால், நோயாளி வலிக்கும் இடத்தை ஒரே விரல்நுனியால் சுட்டிக்காட்டுவார். அவ்விடத்தில் போடும் மரப்பு ஊசியால் வலி நின்றால் நோயும் உறுதியாகிறது. சிலருக்கு அதுவே சிகிச்சையாகவும் அமைகிறது.

அவசர நிலை

பிதுங்கிய கட்டி படுத்தாலும் உள்ளே போகாமல் கெட்டியாகி, தோல் சிவந்து அல்லது கருத்து, வாந்தியும் இருந்தால் குடல் நெரிபட்டிருக்கலாம். இரத்த ஓட்டம் தடைபட்ட குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். உடனடி அறுவை சிகிச்சை தேவை. தமிழ்நாட்டில் இத்தகைய வலியை மூச்சுப்பிடிப்பு என்றோ குடலேற்றம் என்றோ சொல்லி எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வழக்கம் உண்டு. வெறும் தசைப்பிடிப்புக்கு அது இதமளிக்கலாம். நெரிபட்ட குடலை நீவினால் அது கிழியக்கூடும், மருத்துவமனைக்குப் போகும் நேரமும் வீணாகும். நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோன்ற வலி திடீரென எழுந்து வயிற்றுக்குப் பரவினால் பெருநாடிச் சுவர் பிளந்திருக்கலாம். மூச்சடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தமும் மிக உயர்வதால், பளு தூக்குவோரிடம் இது அரிதாக நேர்ந்துள்ளது.