சுண்டெலித் தொல்லையும் தறிவீடுகளும்

காலையில் எழுந்து தறியில் அமரும் நெசவாளர், பாவின் ஓரத்தில் முப்பது நாற்பது இழைகள் கத்தரித்தாற்போல் அறுபட்டுக் கிடக்கக் காண்கிறார். இழைக்கு இழை தேடியெடுத்து, முடிச்சிட்டு, விழுதிலும் அச்சிலும் மீண்டும் கோத்துத் தறியை ஓட்டத் தொடங்குவதற்குள் முற்பகல் கழிந்துவிடுகிறது. அன்றைய கூலியில் பாதி போயிற்று. முடிச்சு விழுந்த இடம் துணியில் தடிப்பாகத் தெரியுமாயின், சங்கத்தில் சரக்கை ஒப்புக்கொள்ளும்போது தரமும் ஒரு படி குறையும். இத்தனைக்கும் காரணம் பெருவிரலைவிடச் சற்றே பெரிதான ஒரு சுண்டெலி.

சுண்டெலி நூலைத் தின்று வயிறு வளர்ப்பதில்லை. பாவுக்கு நாம் போடும் கஞ்சியே அதனை முதலில் அழைத்து வருகிறது. அரிசிக் கஞ்சி ஏறி உலர்ந்த இழை அதன் மூக்குக்குச் சோறேயன்றி வேறன்று. இரண்டாவது காரணம், கூடு கட்டுவதற்கு மென்மையான பொருள் அதற்கு வேண்டும். நூற்கழிவும் பஞ்சுத் துகளும் நிறைந்த தறிவீட்டைக் காட்டிலும் வசதியான இடம் எலியினத்துக்கு உலகில் வேறெங்கும் இராது. குழித்தறியின் மண்சுவரில் ஒரு வளை, அதனுள் வெட்டிய நூலால் ஒரு மெத்தை, தலைக்குமேல் கஞ்சி போட்ட பாவு. அது ஏன் வேறிடம் போகவேண்டும்?

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர் இல்லங்களிலும் இதே கதைதான். நெல் மூட்டையும் கடலை மூட்டையும் அடுக்கிய அறையில் அது குடியேறுகிறது. வண்டிக் கொட்டகையிலும் பம்புசெட்டு அறையிலும் மின்கம்பியின் மேலுறையைக் கறித்துவிடுகிறது. எலியினத்தின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடித்துத் தேய்த்துக்கொண்டிராவிடில் அவற்றுக்கு வாழ்வில்லை. உறை போன கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் மோட்டார் எரிவதோடு நில்லாமல், கூரைக் கொட்டகையே தீப்பற்றக் கூடும்.

எலி என்று நாம் பொதுவாகச் சொல்வனவற்றுள் வேறுபாடு அறிதல் அவசியம். சுண்டெலி சிறியது, பெரும்பாலும் தன் கூட்டிலிருந்து பத்துப் பதினைந்து முழத்துக்குள்ளேயே சுற்றித் திரிவது. வீட்டெலி பெரியது; நீண்ட வாலுடன் கைமரத்திலும் ஓட்டின் கீழும் ஓடுவது. பெருச்சாளி சாக்கடையோரத்தில் தோண்டுவது. மூஞ்சூறோ எலிச் சாதியைச் சேர்ந்ததே அன்று. நீண்ட மூக்கும் கீச்சொலியும் ஒருவகை நாற்றமும் உடைய இப்பிராணி, கரப்பான் முதலிய பூச்சிகளைத் தின்பது. நூலையோ பாவையோ அது அறுப்பதில்லை. கூண்டில் அகப்பட்டால் வெளியே விட்டுவிடலாம்.

சுண்டெலியின் பெருக்கத்தைப் பற்றி இரண்டொரு கணக்குகள். கர்ப்பகாலம் ஏறக்குறைய 3 வாரம். ஓர் ஈற்றில் 5 முதல் 8 குட்டிகள். அக்குட்டிகள் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் தாமே ஈனும் பருவம் எய்திவிடுகின்றன. ஒரு நாளைக்கு ஒரு சுண்டெலி தின்பது 3 கிராம் அளவுதான். ஆயினும் நாளொன்றுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட புழுக்கைகளை இடுகிறது. தின்ற தானியத்தைவிடக் கெடுத்த தானியமே மிகுதி என்று மூத்தோர் சொல்வது சரியான கணக்கே. இக்கணக்கில் பண்டிகைக்கு முன் இரண்டு எலிகளை அடித்துவிட்டு நிம்மதி கொள்வோர் நிலைமை எவ்வாறிருக்கும் என்பதை அங்கத்தினர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

நோயின் பொருட்டும் இதனை அலட்சியம் செய்தல் ஆகாது. 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கோயமுத்தூரையும் பிடித்து உலுக்கியது. அந்நாளின் நினைவாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அங்கே இன்றும் உள்ளன. அந்நோயைப் பரப்பியது வீட்டெலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சி. 1994-இல் துணித்தொழிலுக்குப் பெயர்போன சூரத் நகரில் பிளேக் பீதி எழுந்தபோது, தொழிலாளர்கள் பெருங்கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறினர். இப்போது நமக்கு அருகில் இருக்கும் அபாயம் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரில் காலில் புண்ணோடு நிற்பவர்க்கு இது தொற்றும். ஆதலின் வயலில் இறங்குவோர் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுதல் நன்று.

இனிச் செய்ய வேண்டுவன. நம்மில் பலர் பொறியிலோ மருந்திலோ தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் கஞ்சிப் பானை. இரவில் கஞ்சிப் பானையும் கஞ்சி தோய்ந்த துணியும் தறியருகே கிடத்தல் கூடாது. தறியில் இருந்தபடியே பொரிகடலை கொறிக்கும் வழக்கத்தை விட்டால் குழிக்குள் இரை சிந்தாது. நூற்கழிவை அன்றாடம் கூட்டி மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்துவைக்கவும். புழுக்கை கிடக்கும் இடத்தை மட்டும் உலர்ந்தபடி பெருக்கலாகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, சற்று நேரம் ஊறவிட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு துடைத்தெடுக்கவும்.

அடுத்தது துவாரம். சாதாரணப் பென்சில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருக. பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலியும் நுழையும். மண்ணையும் கந்தலையும் திணித்து அடைப்பது வீண் வேலை, ஓரிரவில் பறித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுகத் திணித்து, அதன்மேல் சிமெண்டுப் பூசினால் பல் ஏறாது. சாளரத்துக்கும் சாக்கடை வாய்க்கும் கால் அங்குலக் கண்ணுக்கு மேற்படாத கம்பி வலை, கதவின் அடியில் ஒரு தகரப் பட்டை. இவை ஒருமுறைச் செலவுகள்.

நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளில் எல்லாச் சந்துகளையும் அடைத்துவிடலாம் என்று சொல்வது ஏட்டுச் சுரைக்காய். ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருக்கிறது. அத்தகைய வீட்டில் முழுவீட்டையும் காக்க முயல்வதைவிட, சரக்கைக் காப்பதே விவேகம். நூற்சிட்டங்களையும் தார்க்கட்டைகளையும் தகரப் பெட்டியில் வைத்து மூடுக. சுற்றிய பாவை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றின் நடுவில் சாப்பாட்டுத் தட்டளவான தகர வட்டம் ஒன்றைத் துளையிட்டுக் கோத்துவிட்டால், கயிற்றின் வழியே இறங்கும் எலி தகரத்தில் வழுக்கித் தடைப்படும். கப்பல்களை நிறுத்திக் கட்டும் வடங்களில் எலி ஏறாதபடி மாட்டும் தட்டும் இதே உபாயம்தான். தறியிலேயே கிடக்கும் பாவுக்கு இந்த வசதி இல்லை; குழியின் வாயைப் பலகையால் மூடி, சுற்றிலும் பொறி வைப்பதே வழி. நெல் மூட்டைகளைத் தரையில் போடாமல் கட்டைகளின் மேல், சுவரைவிட்டு ஒன்றரை அடி தள்ளி அடுக்கவும். எலி சுவரோரம் பதுங்கியே ஓடும். நடுவெளியில் ஓட அஞ்சும்.

அந்த அச்சமே பொறி வைக்கும் இடத்தையும் நமக்குக் காட்டுகிறது. அடிபொறியின் இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி, சுவருக்குக் குறுக்காக வைக்கவேண்டும். சுண்டெலிக்கு ஒரு பொறி போதாது. ஐந்தாறு முழத்துக்கு ஒன்றாக, ஒரு வீட்டில் ஆறேழு பொறிகளை ஒரே இரவில் வைத்தல் வேண்டும். புதிய பொருளைக் கண்டால் சுண்டெலி ஆவலோடு வந்து முகரும். வீட்டெலியோ சந்தேகப் பிராணி. ஆதலால் அதற்கு மூன்று இரவுகள் பொறியை விசை ஏற்றாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்கி, நான்காம் இரவு விசை ஏற்றவேண்டும். மசால் வடையின் புகழ் யாவரும் அறிந்ததே. சுட்ட தேங்காய்ச் சில்லும் கருவாட்டுத் துண்டும் நன்கு பயன்படும். தறிவீட்டுக்கென்று ஓர் இரை உண்டு. சிறிது பஞ்சைப் பொறியில் இறுகக் கட்டிவைத்தால், கூடு கட்ட இழுக்கும் சுண்டெலி அகப்பட்டுவிடும். பசைத்தட்டு வைப்போரும் உளர். உயிரோடு ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் துடிக்கும் அக்கொடுமை ஒருபுறமிருக்க, தறிவீட்டுப் பஞ்சுத்தூசி படிந்தால் பசையும் பிடிப்பதில்லை. பூனை நல்ல காவல்தான். ஆனால் நூற்கண்டைக் கண்டால் அதுவும் விளையாடத் தொடங்கிவிடும் என்பதை எம் வீட்டில் பட்டறிந்தோம்.

மருந்தைப் பற்றிக் கண்டிப்பாகவே எழுதவேண்டியிருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை நம் மாநிலத்தில் எத்தனையோ உயிர்களைக் குடித்தது. 2023-இல் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. எரவாணத்தில் பழைய குழாய் ஏதேனும் செருகிக் கிடந்தால், குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்துவைத்து, வேளாண்மை அலுவலரைக் கேட்டு அப்புறப்படுத்தவும். இவ்விஷம் வயிற்றில் போனவர் முதல் நாள் வாந்தியெடுத்து, மறுநாள் தேறிவிட்டவர்போல் எழுந்து நடமாடுவார். அதன் பின்னரே ஈரல் கெடும். இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆதலின் “சரியாகிவிட்டது” என்று வீட்டில் நிறுத்திவைக்காமல், அந்த நிமிஷமே மருந்துறையையும் எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

கருநிறத் துத்தநாகப் பாஸ்பைடுத் தூள் ஈரம் பட்டால் நச்சுவாயுவை வெளிவிடும். புகையூட்டும் அலுமினியப் பாஸ்பைடு மாத்திரை அதனினும் கொடியது. மனிதர் உறங்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த ஓரிடத்தில், எலிமருந்து வைத்த வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரண்டு பிஞ்சுக் குழந்தைகள் மாண்டனர். தறிவீடு என்பது நாம் உழைக்கும் இடம் மட்டுமன்று. குழந்தை தூளியில் உறங்குவதும் அங்கேதான். மருந்து வைத்தே தீரவேண்டிய கிடங்காயின், புரோமடியலோன் கட்டியைப் பூட்டிய பெட்டிக்குள் வைக்கவும். அது சில நாட்கள் சென்றே கொல்லும். தவறி உட்கொண்டவர்க்கு வைட்டமின் கே மாற்று மருந்தாக உதவும் என்பது அதிலுள்ள ஒரே ஆறுதல்.

இவையனைத்தையும் ஒரு வீட்டார் மட்டும் செய்தால் நேர்வது என்ன? அங்கு காலியான இடத்தை அடுத்த வீட்டு எலிகள் சில வாரங்களில் நிரப்பிவிடும். எங்கள் தெருவில் இதனை இருமுறை கண்டோம். மூன்றாம் முறைதான் தெரு முழுவதும் ஒரே இரவில் பொறி வைத்து, ஐந்து இரவுகள் விடாமல் தொடர்ந்தோம். தை அறுவடை முடிந்து, வயலில் இரை குறைந்து எலிகள் வீடுகளை நாடும் சமயமே இதற்கு ஏற்றது. ஒவ்வொரு குடும்பமும் ஏழு பொறி வாங்குதல் கடினம். சங்கம் ஐம்பது அறுபது பொறிகளை மொத்தமாக வாங்கி, தெருவாரியாக இரவல் தந்து, கணக்கெழுதித் திரும்பப் பெறலாம்.

நெசவாளர் தெருக்களில் இரு வீட்டுக்கு நடுவே நிற்கும் பொதுச்சுவர்தான் கடைசிவரை அடைபடாமல் கிடக்கிறது. இவர் அது அவர் பக்கத்து ஓட்டை என்பார். அவர் இவர் பக்கத்தது என்பார். சுண்டெலிக்கு இரு பக்கமும் ஒன்றே. இவ்வகைச் சுவர்களைப் பட்டியலிட்டு, கொத்தனார் ஒருவரை அமர்த்தி ஒரே வாரத்தில் பூசச் செய்து, செலவை இரு வீட்டார் கணக்கிலும் சரிபாதியாகப் பற்று எழுதிவிடும்படி நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் தீர்மானிப்பார்களாயின், எங்கள் தெருவில் அவ்வாறு பூச வேண்டிய சுவர்கள் பதினொன்று என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.