உங்களுக்குத் தெரியுமா? நாய்க்குத் திராட்சையும் புளியும் ஆகாது!

கேசரியில் கிடக்கும் உலர்திராட்சையைச் செல்லமாக நாய்க்கு ஊட்டுபவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2021இல் சுட்டிக்காட்டினார்கள். அதே அமிலம் நம் புளியிலும் ஏராளம். ஆகவே மிஞ்சிய புளியோதரையும் சாம்பார் சோறும் நாய்க்கு உகந்தவையல்ல. சாம்பாரில் வெங்காயம் வேறு. அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

நல்ல தின்பண்டம் செய்வது அப்படியொன்றும் கடினமில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, எண்ணெயும் உப்பும் சேர்க்காமல் ஓவனில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்துங்கள். ஓவன் இல்லாத வீட்டில் வேகவைத்த பரங்கிக்காய், எலும்பு நீக்கிய கோழித் துண்டு போதும். வேர்க்கடலை வெண்ணெய் சேர்ப்பதானால், அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லை என்பதை லேபிளில் உறுதி செய்துகொள்ளுங்கள். அது நாயின் உயிரையே பறிக்கும்.

எந்தத் தின்பண்டமும் ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாய் தப்பித்தவறி திராட்சையைத் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.