தீவை வலம்வந்த இருவர்

திருகோணமலையின் உட்துறைமுக வீதியிலே, விடியற்காலையில் மீனவர் தோணிகள் கரைசேரும் வேளையில், ஒரு பழைய மொறிஸ் மைனர் வண்டி மெல்ல ஊர்ந்து செல்வதை நகரத்தார் சிலர் கண்டிருக்கக்கூடும். சாரதி ஆசனத்தில் இருப்பவர் அறுபத்தேழு வயதுடைய ஓர் அம்மையார். அவர் பக்கத்தில், மடியிலே ஒரு தேசப்படத்தை விரித்துக்கொண்டு, அவருடைய கணவர் அமர்ந்திருப்பார். அவ்விருவரும் என் மாமியும் மாமாவும் ஆவர். 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அவர்கள் அவ்வண்டியிலே இலங்கைத் தீவை ஒருமுறை வலம்வந்தனர். அந்தப் பிரயாணத்தைத் தடுக்க முயன்றவர்களுள் முதல்வன் நானே. ஆதலால் அதன் வரலாற்றை எழுதும் கடனும் எனக்கே உரியதாயிற்று.

மாமா 1972ஆம் ஆண்டு தபால் திணைக்களத்தில் சேர்ந்து, 2010ஆம் ஆண்டு இளைப்பாறியவர். முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தெனியாய, பலாங்கொடை, பேசாலை, பருத்தித்துறை என்று ஊர்ப்பெயர்களைப் பார்த்துப் பார்த்துக் கடிதங்களைப் பிரித்தவர். எந்த ஊருக்கு எந்த வழியாகத் தபால் போகும் என்று நித்திரையிலும் சொல்லுவார். ஆனால் அவ்வூர்களுள் பெரும்பாலானவற்றை அவர் கண்ணாற் கண்டதில்லை. இளமையில் கையிலே பணமில்லை. பணம் சேர்ந்த காலத்திலே பாதைகள் திறந்திருக்கவில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்த காலத்தில், பக்கத்து ஊருக்குப் போவதே ஒரு பெரும் பிரயாணமாக இருந்ததை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் பிள்ளைகளின் விவாகம், பேரப்பிள்ளைகள் என்று ஆண்டுகள் கழிந்தன. 2022ஆம் ஆண்டில் புறப்படலாம் என்று எண்ணியபோதோ, நாடெங்கும் பெற்றோல் வரிசைகள் நீண்டு கிடந்தன.

இந்நிலையில் மாமாவின் கண்ணிலே குறை தோன்றியது. குளுக்கோமா என்றார் வைத்தியர். கண்ணினுள் அழுத்தம் மிகுவதால் பார்வை நரம்பு சிறிது சிறிதாகக் கெடுவதே பெரும்பாலும் இந்நோயின் இயல்பு. அது பார்வையை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்னுவதால், நோயாளி நெடுநாள் அதனை அறிவதில்லை. இழந்த பார்வை மீளாது. எஞ்சியதை மருந்தினாற் காக்கலாம், அவ்வளவே. நாற்பது வயதைக் கடந்தவர்கள், சிறப்பாகக் குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள், காலாகாலத்தில் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டியது இதனாலேயே. மாமா இனி வண்டி ஓட்டலாகாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றிரவு மாமா ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை மாமி, சாரதிப் பயிற்சி நிலையத்தைத் தேடிச் சென்றார். அறுபத்தாறாவது வயதில், பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டு கற்பித்த ஓர் ஆசிரியை, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் அமர்ந்து வீதி விதிகளைக் கற்றார். முதற் பரீட்சையிற் சித்தியடையவில்லை. இரண்டாம் முறை சித்தியடைந்து அனுமதிப்பத்திரத்தோடு வீடு வந்தபோதுதான் பிரயாணச் செய்தியை எங்களுக்குச் சொன்னார்.

என் மனைவி அழுதாள். கனடாவிலிருந்து மைத்துனர்கள் தொலைபேசியில் சத்தமிட்டனர். நானோ புவியியல் கற்பிப்பவன். யானைகள் குறுக்கிடும் பாதைகளையும் வளைவுகளையும் எடுத்துக்காட்டி ஒரு விரிவுரையே நிகழ்த்தினேன். “ஒரு வேன் பிடித்து, நாங்கள் கூட்டிக்கொண்டு போகிறோம், மாமி” என்றேன்.

“நீங்கள் கூட்டிக்கொண்டு போனால், தம்பி, உங்கள் விடுமுறை முடிய நாங்களும் திரும்பவேண்டும். அவர் ஒவ்வோர் ஊரிலும் நின்று பார்க்க ஆசைப்படுகிறார். பார்க்கக்கூடிய காலத்திலே பார்க்கட்டும்” என்றார் மாமி. அதற்கு மறுமொழி சொல்ல என்னிடம் புவியியல் இருக்கவில்லை.

காலத்தைத் தேர்ந்தவர் மாமா. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னுள்ள மாசி, பங்குனி மாதங்களே இத்தீவைச் சுற்றுவதற்கு ஏற்றவை. வேறு காலங்களில் ஒரு கரையில் வெயிலாயின் மறுகரையில் மழையாயிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வண்டி ஓடலாகாது, மருந்து தவறலாகாது, இரவில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசவேண்டும் என்று மூன்று விதிகள் வகுத்து, கோணேசப் பெருமானை வணங்கிப் புறப்பட்டனர்.

முதலில் கிண்ணியாப் பாலம். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் திறக்கப்பட்ட அது 396 மீற்றர் நீளமுடையது. அதற்கு முன் படகுப் பாதைக்காக மணிக்கணக்காகக் காத்துக்கிடந்த இடம் அது. பின்னர் வெருகல் முதலிய நீர்த்துறைகளிலும் பாலங்கள் எழுந்தமையால், மட்டக்களப்பு இன்று அரைநாட் பிரயாணமாயிற்று. மூதூரை அடைந்ததும் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். 1660ஆம் ஆண்டில் இக்கொட்டியாரக் குடாவிலேதான் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞன், கப்பற் தலைவனான தன் தந்தையோடு கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டான். தந்தை மறு ஆண்டே இறந்தார். மகன் 1679ஆம் ஆண்டில் தப்பி, மேற்குக் கரையிலுள்ள அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். “கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை சேர அவனுக்குப் பத்தொன்பது வருடம் சென்றது, எனக்கு எழுபது வருடமாகியும் முடியவில்லை” என்றாராம் மாமா.

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் கிழக்குக் கரையோரமாக, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று இறங்குவர். நம் முதியோருக்கு நெடும்பிரயாணம் புதிதன்று என்பதற்கு அப்பாதயாத்திரையே சான்று. மாமாவும் மாமியும் பொத்துவில் வரை அவ்வழியே சென்று, அங்கிருந்து மொனராகலை மார்க்கமாகக் கதிர்காமத்தை அடைந்தனர்.

தெற்கு முனையாகிய தேவேந்திரமுனையில் இரண்டு நாள் தங்கினர். இத்தீவின் மிக உயரமான வெளிச்சவீடு அங்கே 49 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. அவ்விடத்துப் பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588ஆம் ஆண்டில் அழித்தனர். அக்கோயிலின் தென்னாவர நாயனாரைச் சீனத் தளபதி செங் ஹோ தமிழிலும் போற்றிய மும்மொழிக் கல்வெட்டு, 1911ஆம் ஆண்டில் காலியிலே கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லின் முன் மாமா ஒரு மணி நேரம் நின்றார். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றும் பொறித்த கல்லைக் கண்டு, “மூன்று மொழியில் விலாசம் எழுதிய தபால்!” என்று வியந்தாராம்.

பிரயாணம் முழுவதும் இனிமையே என்று சொன்னால் அது பொய்யாகும். முன்னேஸ்வரத்தைத் தரிசித்துப் புத்தளம் சேர்ந்த பின், வில்பத்துக் காட்டினூடே மன்னாருக்குச் செல்லும் பழைய வழியே போகலாம் என்று மாமா பிடிவாதம் செய்தார். அநுராதபுரம் சுற்றியே போவேன் என்றார் மாமி. வண்டி அநுராதபுரம் சுற்றியே போயிற்று. மதவாச்சியிலே தேநீர் அருந்தும்வரை இருவரும் பேசவில்லை! ஆனால் மறுநாள் மன்னாரிலிருந்து, கேளாமலே, அரிப்புக் கோட்டையின் இடிபாடுகளுக்கு அவரை அழைத்துச் சென்றவரும் மாமியே. திருக்கேதீஸ்வரத்தையும், நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கியிருந்த கீரிமலை நகுலேஸ்வரத்தையும் வணங்கி, வவுனியா வழியாக, பதினாறாம் நாள், சிவராத்திரிக்கு முதல்நாள், கோணேசர் சந்நிதிக்கு மீண்டனர். மைல்கணக்கி 940 மைல் காட்டியது. இத்தீவின் நீளமே 435 கிலோமீற்றர் அளவுதான்; அவர்கள் சென்றதோ ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர்.

கொச்சியிலே தேநீர்க்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியர், நாளாந்தம் சிறுதொகை சேமித்து, கடனும் பெற்று, இருபத்தாறு நாடுகளைக் கண்ட செய்தியை நம்மில் பலர் படித்திருப்போம். விஜயன் 2021ஆம் ஆண்டில் காலமானார். அவர்கள் சென்ற தூரத்தோடு ஒப்பிட்டால் என் மாமா, மாமியின் தூரம் சிறிதே. ஆனால் முதுமையென்பது ஒதுங்கியிருக்கும் காலமன்று என்ற பாடம் இரண்டிலும் ஒன்றே.

இனி ஒரு செய்தி. மாமா ஒவ்வோர் ஊரிலும் ஒரு தபாலட்டை வாங்கி, கண்டதை நாலு வரியில் எழுதி, தம் வீட்டு விலாசத்துக்கே தபாலிற் சேர்த்திருந்தார். “நான் பிரித்த தபால் வழிகள் சரிதானா என்று பார்க்கத்தான்” என்றார். பதினான்கு அட்டைகள் அனுப்பினார். வீடு திரும்பிய பின் அவை ஒவ்வொன்றாக வந்தன. உண்மைக் காரணம் எங்களுக்குப் பின்னரே விளங்கிற்று. இப்பொழுது அவருக்குச் சிறிய எழுத்துத் தெரிவதில்லை. மாலையில் முற்றத்திலே என் மகள் ஓர் அட்டையை எடுத்து வாசிக்கிறாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். வரியில் இல்லாதவற்றை மாமி சொல்லி நிரப்புகிறார்.

வந்தவை பதின்மூன்று. கீரிமலையில் இட்ட அட்டை இன்னும் வரவில்லை. தபாற்காரரின் மணியோசை கேட்டால் மாமா படலைவரை நடந்து போகிறார். “வரும், தாமதமாகலாம், ஆனால் வரும்” என்கிறார்.

உங்கள் வீட்டிலும் முதியோர் இருப்பின், எங்கே போக விருப்பம் என்று இன்றே கேட்டுப் பாருங்கள். போகலாகாது என்பதற்குரிய நியாயங்களை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.