டவர் நட்டாச்சு, ஆளுங்க ரெடியா?

'சேஞ்ச் மேனேஜ்மென்ட்' என்கிற பேரை எலெக்டிவ் லிஸ்ட்ல பார்த்துட்டு, "இது எம்பிஏ பசங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று தாண்டிப் போயிருப்பீங்க. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு நீங்க எழுதப் போற சாஃப்ட்வேர் ஏதோ ஒரு கிளார்க் இருபது வருஷமா எழுதிட்டு வர்ற லெட்ஜரை மூட வைக்கும். நீங்க டிசைன் பண்ற மெஷின் ஒரு ஆப்பரேட்டரோட கைப்பழக்கத்தையே மாத்தும். இன்ஜினியர் கை வைக்கிற இடத்துல எல்லாம் யாரோ ஒருத்தரோட தினசரி வேலை மாறுது.

ஒரு உதாரணத்தை மனசுல வச்சுக்கங்க, கடைசி வரைக்கும் இது தேவைப்படும். போடிநாயக்கனூர்ல ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்களைப் பார்த்திருப்பீங்க. 7 எம்எம், 8 எம்எம் என்று சல்லடை அளவு பிரிக்கும். ஆனா நிறம் வெளுத்தது, வெடிச்சது, பூச்சி அடிச்சது எல்லாத்தையும் ஒதுக்குறது அவங்க கண்ணும் விரலும்தான். இதையே கேமராவும் இமேஜ் ப்ராசஸிங்கும் வச்சுப் பண்றது நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ரிவ்யூல "அக்யூரசி எவ்வளவு?" என்று கண்டிப்பா கேட்பாங்க. "இது வந்தா அந்த அக்காவோட வேலை என்ன ஆகும், இந்த மெஷினை ஓட்டப் போறது யாரு?" என்று கேட்பாங்களா?

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. உதாரணம் தேடி கலிஃபோர்னியா வரைக்கும் போக வேண்டாம். கலிஃபோர்னியாவே ஒரு தடவை தேனிக்கு வந்திருக்கு!

கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு வைஃபை

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோட தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதோட கிளை ஒண்ணு தேனியில இருக்கு. கிராமத்துல இருக்குற ஒருத்தர் கண்ணைக் காட்ட தேனிக்கு வரணும்னா பஸ் செலவு ஒரு பக்கம், அன்னைக்குக் கூலி போறது இன்னொரு பக்கம். கூட ஒரு ஆள் துணைக்கு வந்தா ரெண்டு கூலி போச்சு. அதனாலேயே பார்வை மங்கினாலும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருந்துடுவாங்க.

இதுக்கு அரவிந்த் கண்டுபிடிச்ச வழி, ஊருக்குப் பக்கத்துலயே சின்னச் சின்ன கண் பரிசோதனை மையங்கள். அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஒரு பெண் பணியாளர் பார்வையைச் சோதிப்பார், கருவி வச்சுக் கண்ணைப் பார்ப்பார். அப்புறம் வீடியோ கால்ல தேனியில இருக்குற டாக்டர் நோயாளியோட நேரடியாப் பேசுவார். ஆனா 2000-களின் நடுவில் நம்ம கிராமங்கள்ல வீடியோ கால் போற அளவுக்கு இன்டர்நெட் ஏது?

இங்கதான் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் ப்ரூவர் குழுவும் இன்டெல் நிறுவனமும் உள்ளே வந்தாங்க. அவங்க கையில எடுத்தது சாதாரண வைஃபை. வைஃபை ஏன் தூரம் போகாதுன்னு நெட்வொர்க்ஸ் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. ஒவ்வொரு பாக்கெட் போனதும் எதிர்முனையிலிருந்து "வந்து சேர்ந்துச்சு" என்று பதில் வரணும். சில மைக்ரோ செகண்டுக்குள்ள பதில் வரலைன்னா தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சு திரும்ப அனுப்பும். 15 கிலோமீட்டர் தூரத்துக்கு சிக்னல் போக மட்டுமே 50 மைக்ரோ செகண்ட் ஆகும், திரும்பி வர இன்னொரு 50. அதனால ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் கேக்குறதை விட்டுட்டு மொத்தமா ஒரு பதில் வாங்குற மாதிரியும், ரெண்டு முனையும் முறை வச்சு மாறி மாறிப் பேசுற மாதிரியும் சாஃப்ட்வேரை மாத்தினாங்க. ஒரே திசையில அனுப்புற ஆன்டெனா வச்சாங்க. 24 மீட்டரிலிருந்து 42 மீட்டர் உயரம் வரைக்கும் டவர்கள் நின்னுச்சு. ஒரு இடத்துல ஜவுளி ஆலை வளாகத்துப் புகைபோக்கியே டவர் ஆச்சு. போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி என்று தேனியைச் சுத்தி ஐந்து மையங்கள் இணைஞ்சுது. 2006-ல் இது உலகச் செய்தி.

கதை இங்கேயே முடிஞ்சிருந்தா வெறும் டெக்னாலஜி கதை. நமக்கு வேண்டியது இதுக்கப்புறம் நடந்தது.

லிங்க் போயிடுச்சு, ஆனா ஏன்?

அதே குழு 2008-ல் இன்னொரு ஆய்வுக் கட்டுரை போட்டாங்க. கிராமத்து நெட்வொர்க்கைப் பரிசோதனை கட்டத்தைத் தாண்டி எப்படி உயிரோடு வச்சிருக்குறது என்பதுதான் அதோட விஷயம். அதுல அவங்க ஒளிக்காம எழுதின பிரச்சினைகளைப் பார்த்தா நம்ம ஊரு கண்ணு முன்னாடி வரும். வோல்டேஜ் திடீர்னு எகிறும், அப்புறம் விழும். அடாப்டர் எரியும். ரூட்டருக்குள்ள இருக்குற மெமரி கார்டு கெட்டுப் போகும்.

இப்போ பெர்க்லியில உட்கார்ந்திருக்குற ஆராய்ச்சியாளரா உங்களை நினைச்சுக்கங்க. ஸ்கிரீன்ல தெரியுறது ஒண்ணுதான்: ஒரு மையத்தோட தொடர்பு இல்லை. கரண்ட் போயிருக்கலாம், ரூட்டர் செத்திருக்கலாம், யாரோ கூட்டும்போது வயர் கழண்டிருக்கலாம், காத்துல ஆன்டெனா திரும்பியிருக்கலாம். எல்லாத்துக்கும் ஒரே அறிகுறி. உண்மையான காரணத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர், அந்த மையத்துல இருக்குற ஆள் மட்டும்தான். அவருக்கு எதைப் பார்க்கணும்னே சொல்லித் தரலைன்னா, அவரால ஆஃப் பண்ணி ஆன் பண்றதைத் தவிர என்ன பண்ண முடியும்?

அதனால வேலை ரெண்டு பக்கமும் நடந்துச்சு. மின்சாரக் கோளாறைத் தாங்குற மாதிரி கருவிகளை மாத்தினாங்க. கோளாறு எங்கேன்னு தெரிய வைக்கிற வழிகளைச் சேர்த்தாங்க. கூடவே, பராமரிப்பை உள்ளூர் ஆட்கள் கைக்குக் கொண்டு போனாங்க. அப்புறம் மதுரை, திருநெல்வேலி மருத்துவமனைகளுக்கும் இந்த மாதிரி மையங்கள் பரவுச்சு.

ஒரு புது சிஸ்டம் வேலை செய்யுதா என்பதை அதைக் கண்டுபிடிச்சவர் பக்கத்துல நிக்கும்போது பார்க்கக் கூடாது. அவர் ஃப்ளைட் ஏறின பிறகு பார்க்கணும். அப்போ அதைத் தூக்கி நிறுத்துறது, மாற்றத்தோட பாரம் யார் தலையில இறங்குச்சோ அவங்கதான். அவங்களுக்கு அந்த வேலையோட அறிவும், முடிவெடுக்குற உரிமையும் சேர்ந்து போகலைன்னா, போனது பாரம் மட்டும்தான்.

அந்த மையத்துப் பெண் பணியாளரையே எடுத்துக்கங்க. ஆஸ்பத்திரியில டாக்டருக்குப் பக்கத்துல நின்னு உதவி பண்ற வேலை, இங்கே வந்ததும் நோயாளி முதல்ல பார்க்குற முகமா மாறிடுது. பொறுப்பு ஒரே நாள்ல பல மடங்கு. அரவிந்த் இந்த வேலைக்குப் பெரும்பாலும் கிராமத்துப் பெண்களை பள்ளிப் படிப்பு முடிஞ்சதும் சேர்த்து, ரெண்டு வருஷம் பயிற்சி கொடுக்குது. கேமராவும் டவரும் வர்றதுக்கு முன்னாடியே அந்த முதலீடு ஆட்கள் மேல போட்டாச்சு. டவர் நின்னதுக்கு அதுவும் ஒரு அஸ்திவாரம்.

கையில ஏலக்காய், கண்ணு முன்னாடி ஸ்கிரீன்

அடுத்து அதே போடிக்கே வருவோம். ஏலக்காய் விற்பனை முன்னாடி எல்லாம் குரல் ஏலம்தான். ஏலக்காரர் விலையைக் கூவ, வியாபாரிகள் ஏத்திக் கேட்பாங்க. ஒருத்தர் குரலைக் கேட்டே "இவர் இந்த லாட்டை விடமாட்டார்" என்று எடை போடுறது அந்தத் தொழிலோட திறமை. 2007-ல் நறுமணப் பொருள்கள் வாரியம் போடியில மின்னணு ஏலத்தைக் கொண்டு வந்துச்சு. விலை ஸ்கிரீன்ல ஏறும், கேக்குறவர் தன் இடத்துல இருந்தே பட்டனைத் தட்டணும்.

இதுல கவனிக்க வேண்டியது, மாறாதது என்ன என்பதுதான். வியாபாரிகள் அதே மாதிரி ஒரே ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாங்க. ஒவ்வொரு லாட்டோட மாதிரியும் கைக்கு வந்துச்சு. விரலால உருட்டிப் பார்த்து, உடைச்சு மோந்து பார்த்து முடிவெடுக்குற பழக்கத்துல யாரும் கை வைக்கலை. மாறினது, விலை கேக்குற முறை மட்டும்.

"கம்ப்யூட்டர்தான் வந்தாச்சே, ஹால் எதுக்கு, வீட்டுல இருந்தே கேக்கலாமே" என்று ஒரே நாள்ல மொத்தத்தையும் மாத்த நினைச்சிருந்தா? ஏலக்காயைக் கையில தொடாம லட்சக்கணக்குல பணம் போட எந்த வியாபாரி வருவார்? பழகின பிறகு அடுத்த படியும் வந்துச்சு. கேரளாவுல இருக்குற புத்தடி மையத்துல உட்கார்ந்தவரும் போடியில உட்கார்ந்தவரும் ஒரே ஏலத்துல கலந்துக்குற கிளவுட் ஏற்பாடு பிறகு வந்ததுதான்.

ஆக, மாற்றம்னா முதல்ல ரெண்டு பட்டியல் போடுங்க. எது மாறணும், எது மாறக் கூடாது. ரெண்டாவது பட்டியலை நீங்க தனியா எழுத முடியாது. அந்த வேலையைச் செய்யுறவங்க கிட்ட கேட்டாத்தான் கிடைக்கும்.

பைஜாமா கம்பெனி கணக்கு

"இதெல்லாம் கேக்க நல்லா இருக்கு, டேட்டா இருக்கா?" என்று ஒரு இன்ஜினியர் கேக்கணும். இருக்கு. அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கிற கம்பெனி. லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற ரெண்டு பேர் அங்கே நடத்தின ஆய்வு 1948-ல் வெளிவந்துச்சு.

மாற்றம் ரொம்பச் சின்னது. உதாரணத்துக்கு, தேய்ச்ச துணியை அட்டை மேல அடுக்கினவங்க இனிமே பெட்டிக்குள்ள அடுக்கணும். ஒரு குழுவைக் கூப்பிட்டு "இனிமே இப்படித்தான்" என்று காரணத்தோட அறிவிச்சாங்க. வேறு குழுக்கள்ல எல்லாரையும் உட்கார வச்சு, செலவு ஏன் குறையணும்னு காட்டி, புது முறையை அவங்களோட சேர்ந்தே வடிவமைச்சாங்க.

அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவுல உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. 40 நாளுக்குள்ள 17 சதவீதம் பேர் வேலையை விட்டே போனாங்க. சேர்ந்து வடிவமைச்ச குழுக்கள்ல ஒருத்தரும் போகலை. சீக்கிரமே பழைய அளவைத் தாண்டி சுமார் 14 சதவீதம் கூடுதலாச் செஞ்சாங்க.

இன்னும் சுவாரசியம் இருக்கு. ரெண்டரை மாசம் கழிச்சு, முதல் குழுவுல மிச்சம் இருந்தவங்களைத் திரும்ப ஒண்ணு சேர்த்து, இந்தத் தடவை அவங்களையும் கலந்து பேசி வேற வேலைக்கு மாத்தினாங்க. அதே ஆட்கள், வேகமா மேல வந்தாங்க, யாரும் விட்டுப் போகலை. "அந்த ஆளுங்களே அப்படித்தான், மாற மாட்டாங்க" என்று யாராவது சொன்னா இதை ஞாபகம் வச்சுக்கங்க. ஒரே கம்பெனி, சின்னக் குழுக்கள், அதனால எல்லா இடத்துக்கும் அதே சதவீதம் வரும்னு சொல்ல முடியாது. ஆனா ஆளை மாத்தாம நடத்துற விதத்தை மட்டும் மாத்திப் பார்த்தது, நல்ல லேப் எக்ஸ்பெரிமென்ட் மாதிரியே இருக்கு.

சரி, நம்ம ப்ராஜெக்டுக்கு வருவோம்

ஏலக்காய் மெஷின் ப்ராஜெக்டை உண்மையிலேயே எடுக்குறீங்கன்னு வைங்க. இதைச் செய்யுங்க:

1. கோடிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் தரம் பிரிக்கிற இடத்துல உட்காருங்க. "அக்கா, இதை ஏன் ஒதுக்கினீங்க?" என்று கேட்டுக்கிட்டே இருங்க. உங்க டேட்டாசெட்டுக்கு லேபிள் போடத் தெரிஞ்சவங்க அவங்கதான்.

2. எது மாறக் கூடாதுன்னு கேளுங்க. உட்காருற உயரம், வெளிச்சம், பேசிக்கிட்டே வேலை பார்க்குறது, எதுவா வேணா இருக்கலாம்.

3. மெஷின் தப்பாப் பிரிச்சா அவங்களே நிறுத்தித் திருத்துற மாதிரி வையுங்க. பட்டன் மேல தமிழ்ல எழுதுங்க. எரர் மெசேஜ் "எரர் 404" என்று வராம "கேமரா வயரைப் பாருங்க" என்று வரட்டும்.

4. நீங்க இல்லாத ஒரு வாரம் ஓட விட்டுப் பாருங்க. உங்களுக்கு எத்தனை போன் வந்துச்சு என்பதையும் ரிப்போர்ட்ல எழுதுங்க.

5. கூலியைப் பத்திப் பேசுங்க. பத்துப் பேர் செஞ்ச வேலைக்கு மூணு பேர் போதும்னா, மீதி ஏழு பேருக்கு என்ன வழின்னு முதலாளிகிட்ட முன்னாடியே கேளுங்க.

ஐந்தாவதுதான் கஷ்டம். ஏன்னா கலந்து பேசுறதையே ஒரு தந்திரமா ஆக்குறவங்களும் இருக்காங்க. ஆளைக் குறைக்குறதுன்னு முடிவை எடுத்துட்டு, டீ பிஸ்கட் கொடுத்துக் கருத்து கேக்குற கூட்டம் போட்டா, அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. முடிவாயிருச்சுன்னா முடிவாயிருச்சுன்னு சொல்லிடுங்க, எதுல இன்னும் பேச இடம் இருக்கோ அதுல மட்டும் கேளுங்க. ஒரு ஃப்ரெஷரா உங்க கையில பெரிய முடிவு எதுவும் இருக்காது, உண்மைதான். ஆனா "இதை ஓட்டப் போறவங்களைப் பார்த்துப் பேசிட்டு வரலாமா சார்?" என்று மீட்டிங்ல கேக்குறதுக்கு எந்த டெசிக்னேஷனும் தேவையில்லை.

இந்த செமஸ்டர் ஜீரோத் ரிவ்யூக்கு இன்னும் டைம் இருக்கு. டைட்டில் கொடுக்குறதுக்கு முன்னாடி போடிக்கோ, ஆண்டிபட்டி பக்கம் ஒரு தறிக்கூடத்துக்கோ ஒரு நாள் போய்ட்டு வாங்க. போனை எடுத்துப் படம் பிடிக்கிறதுக்கு முன்னாடி, அங்கே வேலை பார்க்குறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.